படகில் ஒரு எழுத்து

வைத்திக்குப்பம் மணலில் ஒரு புது ஃபைபர் படகு நிற்கிறது. பெயின்டர் அதன் பக்கவாட்டில் ‘கு’ மட்டும் எழுதியிருக்கிறார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "என்ன பேருங்க?" என்று படகுக்காரரைக் கேட்கிறேன்.

"குமார். எங்க அண்ணன். போன மழையில கடலுக்குப் போனவரு, வரவேயில்ல."

மீன் கூடையோடு வரும் பெண் ஒருத்தி எழுத்தைப் பார்த்ததும் நிற்கிறாள்.

"அண்ணன் பேருதான் அண்ணி," என்கிறார் படகுக்காரர்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "இந்த போட்டு லேட்டானா கரையில என்னா சொல்லுவாங்க? ‘குமார் இன்னும் வரல’ன்னுதான? அத நான் இன்னொரு தடவ கேக்கணுமா?"

பெயின்டர் தூரிகையை இறக்குகிறார். துணியை வாங்கி, காயாத எழுத்தைத் தம்பியே துடைக்கிறார்.