பிரிக்காமல் மாற்றிய எஞ்சின்

திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக் கட்டு சுமந்தவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. பழைய அம்பாசிடர் ஒன்றை வைத்துக்கொண்டு திருத்தணியில் நான்கு வேன், மாடி வீடு, பேருந்து நிலையத்தருகே ஒரு டிராவல்ஸ், இரண்டு பெண்களின் கல்யாணம் என்று எல்லாம் நடத்திக் காட்டினேன். யாரிடமும் சிபாரிசுக்குப் போய் நின்றதில்லை. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் அந்த அம்பாசிடரை இருபது வருஷம் ஓடவைத்தவர் மெக்கானிக் பாய். அதை நான் எங்கும் சொன்னதில்லை.

ஓர் ஆடிக் கிருத்திகை. மலைப்பாதை முழுக்கக் காவடிக் கூட்டம். ஊர்ந்து ஊர்ந்து ஏறிய வண்டி பாதி ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் ஹாரன், முன்னால் போலீஸ்காரரின் விசில். கொதிக்கிற வண்டியை அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் தண்ணீர், இல்லையென்றால் எஞ்சின் விரிசல் விட்டுவிடும் என்று பாய் நூறு முறை சொல்லியிருக்கிறார். முதலாளியான நான் காத்திருப்பேனா? தண்ணீர்ப் பந்தலில் பக்தர்களுக்காக ஐஸ் போட்டு வைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து அப்படியே ரேடியேட்டரில் கவிழ்த்தேன். உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

வண்டியைக் கயிறு கட்டி பாயின் ஷெட்டுக்கு இழுத்துப் போனோம். அதற்கு முந்தின வாரம்தான் அவர் சர்வீஸ் செய்து கொடுத்திருந்தார். பாயின் தடித்த கண்ணாடியைப் பார்த்து என் மகன் குதித்தான். “நைனா, கண்ணு தெரியாத ஆளாண்ட வண்டிய வுட்டா வேற என்னா ஆவும்?” அங்கே நின்றிருந்த வேன்காரர் ஒருவர், “பாய், மொதல்ல உன் கண்ணாடிய மாத்து, அப்பால எஞ்சின மாத்தலாம்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ மாதிரி ஒட்டியிருந்தது. என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். “அண்ணே, பிரிச்சிப் பாத்துடறேன். என் தப்பா இல்லியான்னு எஞ்சினே காட்டிடும். பிரிக்காம மாத்தினா ஊர்ல என் பேரு போயிடும்ங்க.” சற்று நிறுத்தி, “மலைல தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?” என்று கேட்டார்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“யாரு, நானா? எனக்குத் தெரியாத வண்டியா பாய்? பழசு பழசுதான். பிரிக்கவே வேணாம், மாத்திடு.”

பாய் ஆயில் குச்சியைத் துடைத்துத் திரும்பச் செருகினார். “ஆங், சரிண்ணே.”

வேறு எஞ்சினை அவரே மாட்டிக் கொடுத்தார். பழையதைக் காயலான் கடை வண்டியில் ஏற்றும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. யாராவது பிரித்துவிடுவார்களோ என்று பயம். அதன் பிறகு வேன்கள் ஒவ்வொன்றாக அவர் ஷெட்டுக்குப் போவது நின்றது. ஷெட்டையும் மூடிவிட்டார்.

இன்று அரக்கோணத்தில் இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு நிற்கிறார். போன மாதம் பார்த்தேன். “நம்ம மாட்டின எஞ்சினு எப்படிண்ணே ஓடுது?” என்று கேட்டார். “ஆங், ஓடிகினு இருக்குது பாய்” என்றேன்.

வேன்காரர்களே, இன்னும் டீக்கடையில் உட்கார்ந்து, “பாய் கைய வச்சி எஞ்சினு வெடிச்சிது” என்கிறீர்களாம். இந்த ஊரில் நான் செய்த ஒவ்வொன்றுக்கும் என் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு வாங்கியவன் நான். அந்த எஞ்சினை உடைத்ததும் என் கைதான். அந்தப் பெயரில் பாதிகூட பாய்க்குப் போகக்கூடாது. இனிமேல் அதையும் என் பெயரிலேயே சொல்லுங்கள்.