தலைப்புக்கு மேலே அண்ணன் முகம்

இங்கே ஜெர்மனியில், என் மகள் போகும் மழலையர் பள்ளியிலிருந்து குழுப்படம் வந்தால் அடையாளம் வெளியே போகக் கூடாதென்று பிள்ளைகளின் முகத்திலெல்லாம் மஞ்சள் வட்டம் ஒட்டியிருக்கும். சட்டையை வைத்துத்தான் என் பிள்ளையைக் கண்டுபிடிக்கிறேன். எங்கள் கொல்லிமலையில் காதுகுத்து பிளெக்ஸில்கூட மாமன் மச்சான் அத்தனை பேர் முகமும் இருந்தாக வேண்டும். ஒரு முகம் விட்டுப்போனால் அந்த ஆள் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவார்.

மலைமேல் குண்டனி நாடு என்ற ஊரில் இருக்கும் என் அண்ணனும் அப்படித்தான். அடிவாரத்து இணையச் செய்திப் பக்கம் ஒன்றில் தன் மிளகுக்கு விளம்பரம் கொடுத்தபோது மிளகைப் போடவில்லை, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் தன் முகத்தைப் போட்டான். இணையப் பக்கங்களைப் பகிரும்போது சரியான படம் வருகிறதா என்று பார்ப்பதுதான் இங்கே என் பிழைப்பு. எந்தப் படம் வர வேண்டும் என்று பக்கத்துக்குள் குறித்து வைக்க வேண்டும். குறிக்காவிட்டால் கண்ணில் படும் முதல் பெரிய படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செய்திப் பக்கத்தை நடத்துபவர் குறிக்கவில்லை. 'குழந்தை கடத்தும் கும்பல் நடமாட்டம், உஷார்' என்ற செய்தியை யாரோ வாட்ஸ்அப்பில் பகிர, தலைப்புக்கு மேலே அண்ணன் சிரித்தான்.

காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் போன் வந்தது. அண்ணனிடம் மிளகு வாங்கும் காதர் பாய். அடிவாரத்துப் புளியஞ்சோலையில் அவர் கடை வாசலிலேயே, பிள்ளை கடத்துபவன் என்று அண்ணனைப் பிடித்துவிட்டார்கள். ஹெல்மெட்டால் வாயில் அடித்தார்கள். பைக் செயினால் முதுகைக் கிழித்தார்கள். விழுந்தவனின் விரல்களை மிதித்து நசுக்கினார்கள். வீடியோவைப் பிறகு பார்த்தேன். ஒருவன் நடுவில் நிறுத்தி, போனில் இருந்த படத்தையும் ரத்தம் ஒழுகும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தான். அந்தக் கை அழுகிப் போகட்டும்.

பாய் அண்ணனைக் கடைக்குள் இழுத்துப் போட்டு ஷட்டரை இறக்கியிருந்தார். ஷட்டரில் கல் விழும் சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மிணி, போலீஸ் வந்துட்டு இருக்குதுங்க. அதுக்குள்ள அந்தப் படத்த எடுங்க. பாத்துப் பாத்து புதுசா ஆள் வந்துட்டே இருக்கறாங்க."

செய்திப் பக்கத்தை நடத்துபவரைப் போனில் பிடித்து, வாயில் வந்ததையெல்லாம் திட்டி, விளம்பரத்தை எடுக்கவைத்தேன். வேறு படத்தைக் குறிக்கவைத்து, இனிப் பகிர்ந்தால் வாட்ஸ்அப் அந்தப் புதுப் படத்தையே எடுக்கும்படியும் செய்தேன். பக்கத்து இருக்கை மார்ட்டா இணைப்பைப் பகிர்ந்து பார்த்தாள். அண்ணன் இல்லை. சரியாகிவிட்டதே என்று தோளைத் தட்டினாள். ஏற்கெனவே அனுப்பியதை யாரும் மாற்ற முடியாது, ஒவ்வொரு போனிலும் பழைய படம்தான் இருக்கும் என்றேன். படத்தைப் போட உன் அண்ணன் சம்மதித்தாரா என்று கேட்டாள். சம்மதித்தான், காசும் கொடுத்தான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

போலீஸ் வந்தபோது ஷட்டர் பாதி வளைந்திருந்தது. அண்ணன் பிழைத்தான். முன்பற்கள் போய்விட்டன, வலது கை விரல்கள் மடங்குவதில்லை. போன வாரம் பேசினான்.

"சந்தைக்குப் போனா இன்னும் போனையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்கறாங்க கண்ணு. அது உன்ற வேலைதான? ஒண்ணும் பண்ண முடியாதா?"

பார்க்கிறேன் அண்ணா என்றேன்.

இப்போது அவன் வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் முகம் இல்லை, ஒரு கை மிளகு மட்டும். அவனுக்கு நான் மகளின் பள்ளிப் படத்தை அனுப்பினேன், மஞ்சள் வட்டத்தோடு. இதில் நம்ம புள்ள யாரு என்று கேட்டிருந்தான். அண்ணன் பல் நிறையச் சிரிக்கும் முகம் யார் யார் போனிலோ அந்தத் தலைப்புக்கு மேலேதான் இருக்கிறது. அது இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.