கூரை வைத்த சிவப்புத் தபால் பெட்டி

போன மாதம் ஒரு மத்தியானம். மழை விட்டதும் கேட்டைத் திறந்தேன். வாசல் கால்வாயில் ஒரு கடிதம் மிதந்துகொண்டிருந்தது.

பழுப்பு நிற நீள உறை. மூலையில் அரசாங்க அச்சு.

யோசிக்காமல் கால்வாயில் இறங்கிவிட்டேன் — எழுபத்தொரு வயதில், முட்டி வலியோடு.

அந்தக் கடிதமாக இருந்தால்...?

எந்தக் கடிதம் என்று கேட்பீர்கள். என் தங்கச்சி மாரியாயிக்கு வரவேண்டிய கடிதம். இரண்டு பேரும் சித்தியவான் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டில் பிறந்தவர்கள். இப்போது புந்தோங்கில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். நான் பிறந்தபோது அப்பா போய்ப் பிறப்பைப் பதிந்துவிட்டு வந்தார். அவள் பிறந்தபோது அப்பா காய்ச்சலில் கிடந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பதியவேண்டும் என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை.

அவ்வளவுதான் வித்தியாசம். என் அடையாளக் கார்டு நீலம். அவளுடையது சிவப்பு. இந்த நாட்டை விட்டு ஒருநாள்கூட வெளியே போகாதவள், அறுபத்தாறு வயதிலும் குடியுரிமை இல்லாதவள். தேர்தல் அன்று நான் மை விரலோடு வீட்டுக்கு வருவேன். அவள் என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எனக்குத்தான் சோறு இறங்காது.

மூன்றாவது தடவையாக மனுப் போட்டிருந்தோம். இன்டர்வியூவுக்குக் கடிதம் வரும், வீட்டு விலாசத்தைச் சரியாக எழுதுங்கள் என்றார்கள். எழுதினோம். இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறோம்.

கால்வாயிலிருந்து எடுத்த உறையை நாளிதழ் மேல் வைத்து, காற்றாடிக்கு அடியில் காயவிட்டுப் பிரித்தேன். வீட்டு வரி நோட்டீஸ்.

"இதுக்கா அக்கா லோங்காங்குல குதிச்சே?" என்று மாரி சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்த நோட்டீஸை வாங்கி இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

குற்றம் யாருடையது? எங்கள் பழைய தபால் பெட்டியுடையது. அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மேலே போட்டால் கீழே விழும். நான் கால்வாயில் நின்றதை எதிர்வீட்டுச் சீன டீச்சர் தன் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எனக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

(இந்த ஓட்டத்தை மறந்துவிடாதீர்கள்.)

மறுநாளே பெட்டி வாங்கக் கிளம்பினோம். சிரிக்காதீர்கள் — தபால் பெட்டி எப்படிப் பார்த்து வாங்குவது என்று எங்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் ஏது பெட்டி? கடிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். காலையில் பெரட்டில் ஆள் எண்ணி முடித்ததும் கணக்கெழுதும் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கையை நீட்டினால் கடிதம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மரம் சீவப் போன எனக்குத் தெரிந்த தபால் பெட்டி, அந்தக் கிராணியின் வாய்தான்.

ஹார்ட்வேர் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, சீனர். ஆனால் தமிழில் நம்மையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

"பிளாஸ்டிக் பாக்குறீங்களா? மலிவு. வெயில்ல வெடிச்சா என்னைக் கேக்கக்கூடாது. இது ஸ்டெயின்லெஸ். துருவே பிடிக்காது."

நான் வீட்டிலிருந்து ஒரு நீள உறையைக் கொண்டுபோயிருந்தேன். ஸ்டெயின்லெஸ் பெட்டியின் வாயில் நுழைத்துப் பார்த்தேன். மடங்கியது. பாதி வெளியே நிற்கிற கடிதத்தை மழை விடுமா? வேண்டாம்.

"நத்தை ஏறுமா?" என்றேன் மெதுவாக.

"என்னா?"

"நத்தை... ராத்திரியில ஏறி காகிதத்தைத் தின்னுடும்."

"அக்கா, நத்தைக்கெல்லாம் நான் கேரண்டி குடுக்க முடியாது லா!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது. ஆனால் நத்தை தின்னும். பழைய பெட்டியில் கரண்ட் பில்லின் பாதியைத் தின்றிருக்கிறது.

அப்புறம் பூட்டு. பூட்டு இல்லாவிட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். பூட்டு இருந்தால் சாவி தொலையும் என்று மாரிக்குப் பயம். கடை நடுவில் இரண்டு கிழவிகளும் குசுகுசுவென்று சண்டை போட்டோம். அப்போதுதான் மூலையில் மாரி கண்ணில் பட்டது — சிவப்பு இரும்புப் பெட்டி. இரண்டு பக்கமும் சரிந்த கூரை. அகலமான வாய். சின்னப் பூட்டு, இரண்டு சாவி.

"இதுதாங்கா" என்றாள்.

"லெட்டர் போடவா, ஆள் குடி வைக்கவா?" என்றார் தவுக்கே.

"லெட்டரு வரட்டும் தவுக்கே, நானே உள்ள போயி உக்காந்துக்கிறேன்!" என்றாள் மாரி.

அவரே வந்து கேட் தூணில் நெஞ்சுயரத்துக்கு மாட்டிக்கொடுத்தார். வாய் தெருப் பக்கம், கதவு வீட்டுப் பக்கம். முகப்பில் எங்கள் வீட்டு எண். பார்க்க எவ்வளவு லட்சணம்!

அன்று வெள்ளிக்கிழமை. புதுப் பொருளைச் சும்மா விடுவோமா? மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு வைக்கிறோம், கிரைண்டருக்கு வைக்கிறோம். இது மாரியின் தலையெழுத்தே வந்து விழப்போகிற பெட்டி. முகப்பு முழுக்கச் சந்தனம் பூசினாள். குங்குமம் வைத்தாள். வாயில் மல்லிகைச் சரம், கூரையில் எலுமிச்சம்பழம், இடுக்கில் ஊதுபத்தி. சூடம் காட்டினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே.

கடிதம்?

வரவில்லை.

அந்தக் கடிதம் மட்டுமல்ல... எதுவுமே வரவில்லை. தண்ணி பில் இல்லை, போன் பில் இல்லை.

"நல்ல பெட்டிக்கா. பில்லையெல்லாம் உள்ள விடமாட்டேங்குது" என்றாள் மாரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கவனித்தேன். புதிதாக ஒரு மலாய்க்காரப் பெண் தபால் கொண்டுவருகிறார். தூடோங் முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட். எங்கள் வாசலில் மோட்டாரை மெதுவாக்குவார். பெட்டியைப் பார்ப்பார். லேசாகத் தலையைக் குனிவார். எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

போய்க் கேட்டால் என்ன? கேட்கலாம். வார்த்தைகளைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொள்வேன். மோட்டார் சத்தம் கேட்டதும் எல்லாம் கலைந்துபோகும். இப்படியே நான்கு நாள்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை. மாரி தேர்தல் மை இல்லாத தன் விரலால் காலண்டரில் கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன். செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன்.

"எங்க வீட்டுக்கு சுராட் இல்லையா?" எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். சுராட் என்றால் கடிதம்.

அந்தப் பெண் திகைத்தார். "தினமும் போடுறேனே, மாச்சிக்! எதிர்வீட்டுப் பெட்டியில. உங்க பெட்டி ஓட்டை, மழையில போயிடும், என் பெட்டியில போடுன்னு அந்த சீன டீச்சர்தான் சொன்னாங்க."

"புதுப் பெட்டி வச்சிட்டோமே!"

"எங்க?"

காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"மாஃப், மாச்சிக்... மன்னிச்சிடுங்க, நான் அது சாமி கும்பிடுற இடம்னு நெனச்சேன். அதுல எப்படி பில்லைப் போடுறது? பாவம் இல்லையா?"

திரும்பிப் பார்த்தேன். சிவப்பு. கூரை. பூமாலை. ஊதுபத்திக் கரி. நம் ஊரில் மரத்தடியில் சீனர்கள் வைக்கும் சாமிக் கூண்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வீட்டு எண் இருக்கிறதே என்றால், அது மாரி பூசிய சந்தனத்துக்கு அடியில்.

"பெரிய பழுப்பு லெட்டர் ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணு போட்டேன். போன வாரம்."

எதிர்வீட்டுக்கு ஓடினேன். டீச்சர் பினாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அவருடைய பெட்டி ஸ்டெயின்லெஸ். பூட்டியிருந்தது.

தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தபோது டீச்சர் தந்த நம்பர் காலண்டர் ஓரத்தில் இருந்தது. மாரிதான் பேசினாள்.

"ஐயோ, சொல்லத்தான் வந்தேன்! உங்க அக்கா உள்ள ஓடிப்போயிட்டாங்களே! மறுநாளே நான் இங்க கிளம்பி வந்துட்டேன்" என்றார் டீச்சர். சாவி அவரோடு பினாங்கில். "எப்படியாவது எடுத்துக்குங்க. பெட்டி உடைஞ்சாலும் பரவால்ல."

அப்புறம் நடந்ததைப் புந்தோங்கே பார்த்தது. நான் சமையலறை இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவ, மாரி டார்ச் லைட் அடிக்க... மோட்டாரில் போன ஒருவர் நிறுத்திக் கேட்டார்: "என்னாக்கா, மீன் மாட்டுச்சா?"

"மாட்டுனா உனக்குத்தான் தலை, போப்பா!"

மாட்டியது. ஒரு மூலை கிழிந்து வந்தது. மாரியின் பெயர்தான். பிரித்துப் படித்தேன். இன்டர்வியூ வியாழக்கிழமை காலை எட்டரை மணி.

நாளைக்கு!

இன்னும் ஒரே ஒரு நாள் திரைக்குப் பின்னால் நின்றிருந்தால்? கதவுக்குப் பின்னால் நிற்பதை அடக்கம் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அடக்கம்தான். அதற்கான விலையை என் தங்கச்சி அல்லவா கொடுத்திருப்பாள்?

மறுநாள் போனோம். நான் வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து வந்தாள்.

"என்னாடி கேட்டாங்க?"

"வீடு எங்கன்னு கேட்டாங்க. புந்தோங்குல சிவப்புத் தபால் பெட்டி வச்ச வீடுன்னு மலாயில சொன்னேன். சிரிச்சாங்க."

"நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா?"

"எனக்கென்னா தெரியும்?"

"முடிவு?"

"லெட்டர் வருமாம்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சந்தனத்தைத் தேய்த்துக் கழுவினோம். வீட்டு எண்ணை வெள்ளை பெயிண்டில் பெரிதாக எழுதினோம். கீழே 'சுராட்' என்று மலாயில். இப்போது அந்தப் பெண் ஹார்ன் அடித்துவிட்டுப் பெட்டியில் போடுகிறார். நான் வாசலில் நின்று தலையை ஆட்டுகிறேன். சில நாள் பேசவும் செய்கிறேன்.

பூ கிடையாது, பொட்டு கிடையாது, சூடம் கிடையாது. அது வெறும் பெட்டி என்று இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

ஆனாலும் நான் பார்க்காத நேரத்தில் மாரி அதற்கு ஒரு கும்பிடு போடுகிறாள். நானா...? அவள் பார்க்காத நேரத்தில்.