ஒரு வரிக்கு விட்ட இடம்

மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையில் இரண்டு முறை துடைத்த பிறகுதான் லுவீனியா டில்மன் முதல் தாளைத் தொடுவார். "ஒரு தடவ தொடச்சா எழுத்து தெரியும். ரெண்டு தடவ தொடச்சாத்தான் பழசு தெரியும்" என்பார்.

ஜார்ஜியாவின் பருத்திக்காடுகளுக்கு நடுவே இருக்கும் பெத்தேல் பாப்டிஸ்ட் சபையில் ஆகஸ்டு மாதம் ஆண்டு விழா. விழா என்றால் சபை வரலாறு வாசிக்கப்படும், வாசிப்பது லுவீனியா. நாற்பத்தொரு வருஷமாக அதே தாள்கள், அதே வெள்ளை உடுப்பு, அதே வெள்ளைத் தொப்பி. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி நாலு வருஷம்கூட ஆகாத பதினொரு பேர் இலைப்பந்தல் போட்டு ஜெபித்ததில் தொடங்கி, போன வருஷம் கூரை மாற்றியது வரை வரும். மேற்கூரைக்கு ஆணி அடித்தவன் பெயரைக்கூட விடமாட்டார். ஜனங்கள் வறுத்த கோழியின் வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு, விசிறியால் வீசிக்கொண்டே, "நிதானமாம்மா, நிதானமா" என்று குரல் கொடுப்பார்கள். அவருக்கு அது போதும். இன்னும் நிதானமாகிவிடுவார்.

அந்த வரலாறு, சபையார் கைதூக்கி ஏற்றுக்கொண்ட ஒன்று. ஓட்டெடுக்காமல் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. முந்தைய போதகர் ஒருவர் 'சிறிய' பந்தலை 'எளிய' பந்தல் என்று திருத்தியபோது, "ஐயா, நீங்க அங்க இருந்தீங்களா?" என்று கேட்டு அழிப்பானை நீட்டியவர் லுவீனியா.

அப்படிப்பட்டவருக்கே ஒரு வரி முள்ளாகக் குத்தியது. '1974. உள்ளே ஞானஸ்நானத் தொட்டி கட்டப்பட்டது. சிலர் நம்மை விட்டுப் பிரிந்து போனார்கள்.' அந்தச் சிலரில் அவருடைய தங்கை ஐடெல்லும் உண்டு. பழையபடி ஓடையில் ஓடும் தண்ணீரில்தான் முழுக்குவோம் என்று போனவர்கள், சாலைக்கு எதிர்ப்புறமே புதிய பெத்தேல் கட்டிக்கொண்டார்கள். அக்காவும் தங்கையும் தினமும் காலையில் போனில் ரத்த அழுத்தம் முதல் தக்காளிச் செடி வரை பேசுவார்கள். ஆனால் ஐம்பது வருஷமாக ஒருத்தி சபைப் படியை ஒருத்தி மிதித்ததில்லை.

"நாங்க ஒண்ணும் பிரிஞ்சு போகலக்கா. நீங்கதான் தண்ணிக்குக் கூரை போட்டுக்கிட்டீங்க" என்பாள் ஐடெல்.

"என்னைய அந்த ஓடையில முக்கினப்ப பக்கத்துலயே பாம்பு நீந்துச்சுடி. அதுவும் என்கூட ரட்சிக்கப்பட்டிருக்கும்."

"சிரிப்புக் காட்டாத. அந்த வரி இருக்கிற வரைக்கும் நான் அங்க வரமாட்டேன்."

அவர்கள் வீட்டில் பிறந்தவர்களில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். சாவதற்குள் ஒரு தடவையாவது தங்கை தன் பக்கத்து பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது லுவீனியாவின் ஆசை. அதனால் போன மாதச் சபைக் கூட்டத்தில் எழுந்தார்.

"அந்த வரிய எடுத்துட்டு, 1974-ல போனவங்களே அங்க ஒரு வரி எழுதட்டும்னு பிரேரணை வைக்கிறேன்."

"எழுதினது எழுதினதுதானம்மா, நீங்க சொல்லிக் குடுத்தது" என்றார் மூப்பர் ரஸ்டஸ் கிளீவ்லண்ட்.

"நான் சொன்னது தப்பு. அதையும் குறிச்சுக்கோங்க."

வழிமொழிய வெகு நேரம் ஆளில்லை. கடைசியில் ரஸ்டஸே முனகிக்கொண்டு கையைத் தூக்கினார். ஆதரவாக இருபத்து மூன்று ஓட்டு, எதிராகப் பத்தொன்பது. பழைய வரி போயிற்று, அந்த இடம் வெறுமையாக நின்றது. ஐடெல்லுக்குச் செய்தி சொன்னபோது, "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

விழா நாளில் மூன்று மணிக்கு வாசிப்பு தொடங்கியது. தங்கையைக் காணோம். லுவீனியா பந்தலில் இருந்த பதினொரு பேரையும் தகப்பன் பெயரோடு வாசித்தார். முதல் கட்டடத்துக்கு ஆணி அடித்தவர்களை இரண்டு முறை வாசித்தார். "நிதானமாம்மா" என்ற குரல்களில் இப்போது கொஞ்சம் பசியும் இருந்தது. 1974 வந்தது. 'உள்ளே ஞானஸ்நானத் தொட்டி கட்டப்பட்டது' என்று வாசித்து, வெற்றிடத்தில் விரலை வைத்து நின்றுவிட்டார்.

பின்கதவு கிறீச்சிட்டது. ஊதா நிறத் தொப்பி ஒன்று நடு வழியில் வந்தது, பின்னாலேயே புதிய பெத்தேலின் பத்துப் பன்னிரண்டு பேர்.

"எங்க ஜெபம் இப்பத்தான் முடிஞ்சுது" என்றாள் ஐடெல். "நீங்க சீக்கிரம் முடிச்சிடுவீங்கன்னு ஓடி வந்தேன்."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஐடெல் மேடையேறி, கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்தாள். கண்ணைச் சுருக்கினாள், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள்.

"அக்கா, கண்ணாடிய மறந்துட்டேன்."

லுவீனியா தன் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையில் ஒரு முறை துடைத்தார், இன்னொரு முறை துடைத்தார். பிறகு தங்கையின் தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளி, கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டிவிட்டார்.