கருவியின் பெயருக்கு ஓர் அத்தியாயம்

தலைமைப் பண்பு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் கல்லூரி நூலகத்தில் அதற்கென்றே ஓர் அலமாரி உண்டு. பாதிப் புத்தகங்களின் அட்டையில் டை கட்டிய ஆள் ஒருவர் மலையுச்சியில் நிற்பார். டை கட்டிக்கொண்டு எவன் மலை ஏறுகிறான்? அத்தனையையும் உட்கார்ந்து படித்தேன். வேறு வழி? இசைத்துறை நீடிக்க வேண்டுமென்றால் 'இசையும் தலைமைப் பண்பும்' என்று ஒரு கருத்தரங்கு நடத்திக் காட்டுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இசை இசையாக மட்டும் இருந்தால் போதாதாம்.

தொலையட்டும் என்று ஒப்புக்கொண்டேன். அலங்காநல்லூர்ப் பக்கத்து நாகஸ்வரக் கலைஞர் ஒருவரை மேடையேற்றலாம் என்ற ஆசைதான் காரணம். அந்தம்மாவுக்கு என் வயதுதான். முகூர்த்த நாளில் போனையே எடுக்கமாட்டார், அவ்வளவு கிராக்கி. என் ஆராய்ச்சிக்காக ஐந்து வருடம் கோயில் கோயிலாக, மண்டபம் மண்டபமாக அவர் பின்னால் அலைந்திருக்கிறேன். இந்த முறை வாசிக்க மட்டுமல்ல, மாணவர்களிடம் பேசவும் வாருங்கள் என்று போனில் கூப்பிட்டேன்.

"நான் பேசவா? அழைப்பிதழ்ல எம்பேரு போடுவீகளா டீச்சர்?"

"போடாம? பெரிசாவே போடச் சொல்றேன்."

"அப்ப வாரேன். நோட்டுல எழுதிக்கிட்டே வாரேன்."

கருத்தரங்கு அன்று பழங்காநத்தத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, காளவாசல் நெரிசலில் மாட்டி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையிலேயே நாகஸ்வரம் கேட்டது. கேட் வாசலில், சுள்ளென்ற வெயிலில், அந்தம்மா நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தவிலோடு அவர் தம்பி. சிறப்பு விருந்தினரின் கார் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

வரவேற்புக்குப் பொறுப்பான வணிகவியல் பேராசிரியர் ஏதோ சாதித்துவிட்டவர் போல ஓடிவந்தார். "மேளக்காரங்க சீக்கிரமே வந்துட்டாங்க மேடம். நல்லதாப் போச்சுன்னு கேட்லயே நிறுத்திட்டேன்."

"சார், பதினொன்றரைக்கு அவங்கதான் பேசுறாங்க!"

"நாதஸ்வரம்னுதானே மேடம் போட்டிருக்கு?"

அன்று காலைதான் அச்சகத்திலிருந்து வந்த அழைப்பிதழை நீட்டினார். முதல் வரி: மங்கல இசை, நாதஸ்வரக் குழுவினர். பதினொன்றரை மணிக்கு எதிரே வெறுமனே 'செயல்விளக்கம்'. நான் எழுதிக் கொடுத்த பெயரைக் காணோம். விருந்தினருக்குப் பட்டங்களோடு மூன்று வரி. நன்றியுரை சொல்கிறவருக்குக்கூடப் பெயர் இருந்தது.

அந்த ஆளை மட்டும் சொல்லி என்ன செய்ய? நம் சினிமா நமக்கு எதைப் பழக்கியிருக்கிறது? கல்யாணக் காட்சியில் ஐயர் கையை ஆட்டுவார், கெட்டிமேளம் முழங்கும், கேமரா தாலிக்குப் போய்விடும். வாசிப்பவரின் முகம் திரையில் வந்தால் சிரிக்கப் போகிறோம் என்று அர்த்தம். முகமே வேண்டாம் என்று இருக்கிறவர்களுக்குப் பெயர் எதற்கு?

விருந்தினர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். திரையில் ஒரு வெளிநாட்டு இசை நடத்துநரின் படம். "கையில் இருப்பது ஒரு குச்சி! அதிலிருந்து சத்தமே வராது! ஆனால் நூறு பேர் அதைப் பார்த்து வாசிக்கிறார்கள்! அதுதான் தலைமை!" கைதட்டல். பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. கல்லூரி முதல்வர் என் காதருகே குனிந்தார்.

"அந்த வாசிப்பை லஞ்ச்ல வச்சுக்கலாமா மேடம்? எல்லாரும் சாப்பிடறப்ப பின்னாடி கேட்டா நல்லாருக்கும்ல?"

வந்ததே எனக்குக் கோபம்! விறுவிறுவென்று போய்த் தொகுப்பாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அந்தம்மாவின் பெயரை, ஊரோடு சேர்த்து, இரண்டு முறை சொன்னேன். என் நாற்காலியை நானே தூக்கி மேடை நடுவில் போட்டேன். முதல்வர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அந்தம்மா நோட்டைப் பிரித்தார். ஒரு பக்கம் வாசித்துவிட்டு மூடி வைத்தார். தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"இந்த நாயனத்த எம்புட்டு நேரம் ஊத முடியும்? மனுசிக்கு மூச்சு முட்டுமா முட்டாதா? நான் மூச்சு வாங்குற எடம் தம்பிக்குத் தெரியும். அந்தானைக்குத் தவில்ல எடுத்துக்கிருவான். அவன் கை ஓயுறது எனக்குத் தெரியும். எங்கள்ல யாரு தலைவருன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? அடுத்தவுக மூச்சு வாங்க எடம் விடணும். அம்புட்டுத்தேன்."

பிறகு இருவரும் வாசித்தார்கள். கேன்டீனுக்கு நழுவிய பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அந்த அலமாரி முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்காத விஷயத்தை அவர் சொல்லிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நியாயத்தை நிலைநாட்டிவிட்ட மிதப்பில் அவரை வழியனுப்பப் போனேன். வேப்பமரத்தடியில் நாயனத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கேட்ல நிறுத்தினதுக்கு மன்னிச்சுக்கங்க. அந்த சார நான் சும்மா விடப்போறதில்ல."

"அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல டீச்சர். அவருக்கு எம்பேரு தெரியாது."

பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். என் ஆராய்ச்சியை வைத்து நான் எழுதிய புத்தகம். நான் கொடுத்ததல்ல, கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மகள் எங்கோ வாங்கி வந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 'தகவலாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஏழாவது வரி: நாகஸ்வரக் கலைஞர், பெண், அலங்காநல்லூர் வட்டாரம்.

"இது நானாம். மக சொன்னா."

"அது... ஆராய்ச்சியில அப்படித்தான் போடுவோம். அது ஒரு நெறி."

"உங்க வாத்தியாரு பேரு முன்னாடி இருக்கே?"

முன்பக்கங்களைப் புரட்டினேன். புத்தகத்தின் நன்றியுரையில், என் ஆய்வு நெறியாளரில் தொடங்கி, இரண்டு பக்கம் பெயர்களாக இருந்தன. தட்டச்சு செய்தவர் பெயர்கூட.

"நாதஸ்வரமா நாகஸ்வரமான்னு ஒரு பாடம் பூராம் எழுதியிருக்கீக. நாங்க நாயனம்னுதேன் சொல்லுவோம், அது கெடக்கட்டும். அதும் பேருக்கு அம்புட்டுப் பக்கம். எம்பேரு எழுத ஒரு வரி கெடைக்கலையா டீச்சர்?"

குரல் உயரவே இல்லை. பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இதுல எம்பேரு வாரவரைக்கும் எதுலயும் யாரு பேரையும் போடாதீக. போறேன்."

தம்பியின் வண்டியில் ஏறிப் போய்விட்டார். அந்த வணிகவியல் பேராசிரியர் தெரியாமல் செய்தார். நான் ஐந்து வருடம் அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, தெரிந்தே செய்திருக்கிறேன். என் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் பெயரைச் சேர்க்கும்படி பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். மறுபதிப்பு வரும்போது பார்ப்போம் என்கிறார். அதனால், அவர் சொன்னபடி, நான் இப்போது எழுதும் இதில் கல்லூரியின் பெயர் இல்லை, முதல்வரின் பெயர் இல்லை, விருந்தினரின் பெயர் இல்லை. என் பெயரையும் போடவில்லை.