நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே

காலை 7.40. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் பூந்தமல்லி வண்டியில் மூவரும் ஏறி உட்கார்ந்தோம். நான், என் மனைவி கலைச்செல்வியின் மகன் நித்திஷ், எங்கள் தெருவில் இருக்கும் அவனுடைய நண்பன் இம்ரான். நித்திஷுக்கு ஒன்பது வயது, இம்ரானுக்குப் பதினொன்று. எனக்கு நாற்பத்தெட்டு ரூபாய் டிக்கெட், பையன்களுக்கு அதில் பாதி. போகும் இடம், சென்னை நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா. பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பூங்காக்களில் ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரிதான். குடும்பத்தோடு போகலாம் என்று விளம்பரம் செய்யும் அந்த இடத்தில், இந்த வயதுப் பையன்களுக்கு ஒரு முழு நாள் தாங்குமா என்று என்னிடம் பலர் கேட்டார்கள். தாங்கும். எப்படித் தாங்கியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

"மனைவியின் மகன்" என்று எழுதக் காரணம் உண்டு. எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. கலையின் முதல் கணவர், நித்திஷுக்கு ஐந்து வயதாக இருந்தபோது சாலை விபத்தில் இறந்துவிட்டார். நான் லிஃப்ட் மெக்கானிக். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகள் மூன்று மாடி, நான்கு மாடி என்று ஏற ஏற எனக்கு வேலை பெருகியது. காந்தி சாலையில் கலை வேலை பார்க்கும் கடையில் லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில்தான் அவளை முதலில் பார்த்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் நான் லிஃப்ட் சேகர். நித்திஷுக்கு மட்டும் நான் எதுவுமில்லை. இந்த எட்டு மாதத்தில் அவன் என்னை எதைச் சொல்லியும் கூப்பிட்டதில்லை. பேசுவான், மரியாதையாகவே பேசுவான். "சாப்பிட வரச் சொன்னாங்க" என்பான். நான் வேறு அறையில் இருந்தால், கதவருகே வந்து நான் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பான்.

கலையும் எங்களோடு வருவதாகத்தான் இருந்தது. முகூர்த்த மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பட்டுக் கடையில் லீவு கிடைக்குமா? கடைசி நேரத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நீங்க மூணு பேருமே போய்ட்டு வாங்க. நான் கூட வந்தா அவன் என் பின்னாடியேதான் சுத்திக்கினு இருப்பான்" என்றாள்.

வண்டி ராஜகுளம் தாண்டியதும் இம்ரான் வாயைத் திறந்தான். "அங்க ரோலர் கோஸ்டர் இருக்குது அங்கிள். ரெண்டு தபா தலைகீழா சுத்தும். நித்திஷ் கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டான், இந்த வாரம் ஏறப் போறேன்னு."

நித்திஷ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சுங்குவார்சத்திரம் வரும்வரை இரண்டு மூன்று முறை குனிந்து ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டினான்.

காலை 9.30. நுழைவாயில் திறந்தது. டிக்கெட்டை முன்பே போனில் வாங்கிவிட்டேன். பெரியவர்களுக்கு 1,150 ரூபாய், நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் 950. இங்கே வயதைக் கேட்பதில்லை, உயரம்தான் கணக்கு. இம்ரான் தான் நூற்று நாற்பத்து மூன்று என்று முன்பே சொல்லியிருந்தான், அதனால் அவனுக்குப் பெரியவர் டிக்கெட்; நித்திஷுக்குக் கண்ணளவில் சின்ன டிக்கெட். உள்ளே போனதும் பையன்கள் வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக ரோலர் கோஸ்டர் வரிசைக்கு ஓடினார்கள்.

காலை 10.05. வரிசையின் முனையில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட பலகை. அதன் கழுத்தில், நூற்று நாற்பதில், ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெண் நின்று ஒவ்வொரு பிள்ளையாக அளந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். இம்ரான் சுலபமாகக் கடந்தான். நித்திஷ் முதுகை நிமிர்த்தி நின்றான். தலை கோட்டைக் கிட்டத்தட்டத் தொட்டது. அந்தப் பெண் அவன் காலைப் பார்த்தாள்.

"ஷூவைக் கழட்டு தம்பி."

அவன் அசையவில்லை. அவளே மண்டியிட்டு நாடாவை அவிழ்த்தாள். ஷூவுக்குள் அட்டை. அம்மா கடையிலிருந்து கொண்டு வந்த புடவைப் பெட்டியைக் குதிகாலின் அளவுக்கு வெட்டி, நான்கு அடுக்காக வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் தங்க நிறத்தில் கடைப் பெயரின் ஒரு துண்டு தெரிந்தது. ஷூ இல்லாமல் அளந்தபோது நூற்று முப்பத்து நான்கு.

பின்னால் நின்ற காலேஜ் பையன்கள் சிரித்தார்கள். நித்திஷ் என்னைப் பார்த்தான். எட்டு மாதத்தில் அவன் என் முகத்தை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை. நான் ஏதாவது பேச வேண்டும் என்று எதிர்பார்த்தான். ஆறு சென்டிமீட்டர்தானே, விடும்மா என்று கேட்டிருக்கலாம். ஆனால் ஆளை ஏற்றி இறக்கும் இயந்திரங்களோடு பதினாறு வருடம் இருந்தவன் நான். தோளை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கம்பி எந்த உடம்பைப் பிடிக்கும், எதை நழுவ விடும் என்று எனக்குத் தெரியும்.

"அவங்க சொல்றது சரிதான். வா" என்றேன்.

படி இறங்கி வந்த பிறகு, ஷூவைக் கையில் பிடித்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "எங்க அப்பாவா இருந்தா பேசி உள்ள அனுப்பியிருப்பாரு."

இருக்கலாம். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், அவன் வாங்கவில்லை.

அதற்குள் இம்ரான் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். வண்டியில் உட்கார்ந்து கம்பி இறங்கியதும் கையைத் தூக்கி, இறக்கி விடச் சொல்லியிருக்கிறான்.

"வயிறு ஒரு மாதிரியா இருக்குது அங்கிள்" என்றான்.

ஏறத் துடித்தவனுக்கு உயரம் போதவில்லை. உயரம் இருந்தவனுக்கு ஏற மனமில்லை. இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

காலை 10.30 முதல் மதியம் வரை பூங்காவை முழுக்கச் சுற்றினோம். இங்கேதான் என் முதல் குறை. இரண்டு கூட்டத்தை நினைத்து இதைக் கட்டியிருக்கிறார்கள்: அம்மாவின் மடியில் உட்கார்ந்து குதிரைச் சவாரி போகும் நான்கு வயதுக் குழந்தைகள், கத்திக்கொண்டே தலைகீழாகத் தொங்க விரும்பும் காலேஜ் பிள்ளைகள். நடுவில் இருக்கும் ஒன்பது வயதுக்காரனுக்குப் பொம்மை ரயிலில் முட்டி இடிக்கிறது, பெரிய ராட்டினத்தில் கோடு இடிக்கிறது. பொம்மை ரயிலில் ஒரு சுற்று போய் வந்த நித்திஷின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஒன்றே ஒன்று பிடித்தது, மோதும் கார். ஆளுக்கு ஒரு கார். அவன் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் துரத்தித் துரத்தி எட்டு முறை மோதினான். கடைசி மோதலில் என் முழங்கை நன்றாகவே கன்றியது. எனக்கு அதில் புகார் இல்லை.

மதியம் 1.00. வெஜ் பிரியாணி 180 ரூபாய், எலுமிச்சை சாதம் 120. சுவை சுமார், அளவு தாராளம். நித்திஷ் கை கழுவப் போன நேரத்தில் இம்ரான் என் பக்கம் சாய்ந்தான்.

"அவன் உங்க மேல கோவமா இல்ல அங்கிள். அவனுக்கு வெக்கமா இருக்குது. நாளைக்கு ஸ்கூல்ல கேப்பானுங்க இல்ல?"

"உன்னையும்தான் கேப்பாங்க."

"என்னைக் கேட்டா ரோலர் கோஸ்டர் ரிப்பேர்னு சொல்லிடுவேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது" என்றான். காலையில் பார்த்த அட்டையை நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் 2.15. அலைக் குளம். இதற்கு நைலான் உடுப்பு கட்டாயம், வாடகை நூறு ரூபாய். என் கண்ணாடி மைனஸ் ஏழு. கழற்றி லாக்கரில் வைத்துவிடச் சொல்லிப் பலகையே இருந்தது. ஆனால் கழற்றிவிட்டால் இரண்டு பையன்களையும் கண்காணிப்பது எப்படி? எனக்கு நீச்சலும் தெரியாது. போட்டுக்கொண்டே இறங்கினேன். அது என் தப்பு, பூங்காவின் தப்பு அல்ல.

சைரன் ஊதியதும் அலை வந்தது. முதலிரண்டு அலைகளில் நானே சிரித்தேன். மூன்றாவது என்னைப் புரட்டிப் போட்டது. எழுந்தபோது முகத்தில் கண்ணாடி இல்லை, உலகம் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. சுற்றிலும் மஞ்சளும் சிவப்புமாகத் தலைகள், அலறல். எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. ஒரு பக்கம் நடந்தேன். தண்ணீர் இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறியது.

"லிஃப்ட் சேகர், நில்லுங்க. அந்தப் பக்கம் ஆழம்."

நின்றேன். ஒரு சின்னக் கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அந்தச் சமயத்தில் எனக்குத் தண்ணீர் மறந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டிருக்கிறான். ஊர் கூப்பிடுகிற பெயரைச் சொல்லித்தான், ஆனாலும் கூப்பிட்டிருக்கிறான்.

என்னைக் கரையில் உட்கார வைத்துவிட்டு அவன் மறுபடி இறங்கினான். திருமுக்கூடலில் தாய்மாமன் வீட்டுப் பம்ப்செட் கிணற்றில் நீச்சல் பழகியவன். அலை நிற்கும் பத்து நிமிட இடைவேளையில், காவலுக்கு நின்றவரிடம் சொல்லிவிட்டு, இம்ரான் கால்களால் தடவித் தடவிக் காட்ட, இவன் முங்கி முங்கித் தேடினான். ஆறாவதோ ஏழாவதோ முறை எழுந்து ஓடி வந்தான்.

"கெடச்சிடுச்சு" என்று என் கையில் வைத்தான். போட்டுக்கொண்டேன். எதுவும் தெளியவில்லை. அவன் ஒரு விரலை நீட்டினான். அது சட்டத்துக்குள் நுழைந்து என் கண்ணிமையைத் தொட்டது. இரண்டு லென்ஸும் கழன்று போயிருந்தன.

நித்திஷ் சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்தி, "உங்களுக்கு இப்போ எதுவுமே தெரியலையா?" என்றான்.

"நீ நிக்கிறது தெரியுது. மூஞ்சி தெரியல."

பிற்பகல் 3.30 முதல் பூங்கா அவர்கள் கையில். திரும்பிப் போய்விடலாமா என்று நான் கேட்டதற்கு, "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது, நாங்க பாத்துக்கறோம்" என்றான் இம்ரான். வரைபடத்தை நித்திஷ் வாங்கிக்கொண்டான். எங்கே போவது, எதில் நிற்பது, எப்போது தண்ணீர் குடிப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். "படி. மூணு படி. இப்ப சமமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே என்னை நடத்தினான் நித்திஷ். ஓரிடத்தில் இம்ரான் குறும்பாக, "முன்னாடி யானை நிக்குது அங்கிள், ஓரமா வாங்க" என்றான்.

"பொய் சொல்லாதடா, அவருக்கு நெஜமாவே தெரியாது" என்று நித்திஷ் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

ரோலர் கோஸ்டருக்குக் கீழே வந்தபோது அவனாகவே நின்றான். எனக்குச் சத்தம் மட்டும் கேட்டது. இருபது நிமிடம் அங்கே நின்று வண்டி வண்டியாக அவன் எனக்குச் சொன்னான்: யார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த வளைவில் கண்ணை மூடுகிறார்கள், மேலே ஏறும்போது கர்ச்சீஃப் பறக்கவிட்டவர் யார், இறங்கிய பிறகு யார் கால் நடுங்குகிறது. காலையில் சிரித்த காலேஜ் பையன்களில் ஒருவன் குப்பைத் தொட்டிப் பக்கம் போய் வாந்தி எடுத்ததையும் விடவில்லை. ஏறியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் ஒன்றை அவன் இவ்வளவு நேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

மாலை 5.40. நெடுஞ்சாலை நிறுத்தம். வேலூர் வண்டி ஒன்று வந்து நின்றது. ஏறப் போன என்னைப் பின்னுக்கு இழுத்துவிட்டு நித்திஷ் கண்டக்டரிடம் கேட்டான்: "காஞ்சிபுரம் ஊருக்குள்ள போவுமா, பைபாஸா?"

"பைபாஸ்தான் தம்பி. கூடப் பெரியவங்க யாரும் வரலையா?"

"இவருதான். கண்ணாடி ஒடஞ்சிடுச்சு, நான்தான் கூட்டிக்கினு போறேன்."

அந்த வண்டியை விட்டோம். அடுத்தது வர முப்பது நிமிடம் ஆனது. ஏறிய பிறகு சுங்குவார்சத்திரத்திலேயே இம்ரான் தூங்கிவிட்டான். நித்திஷ் தூங்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பெயரை வாசித்துச் சொன்னான். கண்ணாடி இல்லாவிட்டாலும் அந்தச் சாலை எனக்கு மனப்பாடம், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றேன்.

பையன்களை இப்படிப்பட்ட பூங்காவுக்கு அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு என் பதில் இதுதான். போங்கள். ஆனால் முன்பே வீட்டில் உயரத்தை அளந்து, எதில் ஏறலாம், எதில் முடியாது என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் அதைச் செய்யவில்லை. அளவுக்கோட்டுக்குக் கீழே நிற்கும் பையனுக்கு அங்கே இருப்பது அரை நாளுக்குத்தான் வரும். மீதி அரை நாளுக்கு, வழி காட்டும் வேலையை அவனிடம் கொடுத்துவிடுங்கள். வரைபடம் அவன் கையில் இருக்கட்டும். தப்பான பக்கம் கூட்டிப் போனாலும் கூடவே போங்கள். நம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் பையன்கள் அலுப்பதே இல்லை. அங்கே யாரும் அவர்களை ஓரிடத்தில் வரிசையில் நிறுத்தி வைப்பதில்லை.

இரவு 7.25. காஞ்சிபுரம் பேருந்து நிலையம். இம்ரானின் அப்பா பைக்கில் வந்து அவனை அழைத்துப் போனார். மீதி நாங்கள் இருவர். வீட்டில் பழைய கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதுவரை போக எனக்குக் கண்ணே வேண்டாம். அந்த நிலையத்தின் ஒவ்வொரு பள்ளமும், ஆட்டோ நிற்கும் இடமும், எங்கள் தெருவுக்குப் போகும் ஷேர் ஆட்டோவின் எஞ்சின் சத்தமும் எனக்குத் தெரியும்.

நித்திஷ் என் மணிக்கட்டை விடவில்லை. "கீழ பாத்து, குழி இருக்குது" என்றான்.

"எங்க?" என்று கேட்டேன்.

"இங்கதான். என் கூட வாங்க."

போனேன்.