பருத்திப்பால் காய்ச்சிய நாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம். ராசிபுரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் நடந்தது. அப்போது என் மகள் பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. என் மனைவிக்கும் அம்மா இல்லை, எனக்கும் இல்லை. அதனால் பத்தியச் சமையல் முதல் துணி அலசுவது வரை எல்லாம் என் பாடு. நன்றாகவே செய்வதாக எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. பசியில் அது வீரிட்டு அழுவதைக் கேட்கவே முடியாது. பருத்திப்பால் குடித்தால் பால் ஊறும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மாட்டுக்கு வாங்கிய பருத்திக்கொட்டை வீட்டில் மூட்டையாகவே இருந்தது. ஆனால், மாட்டுக்குப் போடுவதைப் பெற்றவளுக்குக் கொடுப்பதா என்று மனசு கேட்கவில்லை. போன மாதம் விதைத்தது போக, விலை கொடுத்து வாங்கிய பருத்தி விதைப் பாக்கெட்டில் பாதி மிச்சம் இருந்தது. பஞ்சு ஒட்டாமல் வழவழவென்று இருந்த அந்த விதைதான் உயர்ந்த சரக்கு என்று என் மூளை முடிவு கட்டிவிட்டது.

இரவே ஊறவைத்து, காலையில் துவைக்கிற கல்லருகே நாலு தண்ணீர் விட்டுக் கழுவினேன். சிவப்புச் சாயம் போகப் போக எனக்குப் பெருமை. மிக்சியில் அரைத்து, வடிகட்டி, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சினேன். வீடே மணத்தது. மனைவி டம்ளரைக் கையில் வாங்கி ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்நேரம், களை எடுக்க வந்திருந்த ஒரு அக்கா குடத்தில் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் வந்தார். கல்லடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இதென்னுங்க தண்ணி இப்பிடிச் செவந்து கெடக்குது?"

பருத்திப்பால் சங்கதியை நான் பெருமையாகச் சொல்லி முடிக்கவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"அய்யோ, குடிச்சுப்போடாதே சாமி!"

டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்த பிறகுதான் மூச்சு விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "வெதைக்கறப்ப நீங்கதானுங்களே சொன்னீங்க? வெதையில செவப்பா மருந்து தடவியிருக்குது, சோப்புப் போட்டுக் கழுவாம சோத்துல கை வெக்காதீங்கன்னு!"

ஆமாம், நான்தான் சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்த ஆள் நான்தான். குடித்தாயா, குடித்தாயா என்று மனைவியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "சூடா இருந்துச்சுங்க, நாக்குலகூடப் படலைங்க" என்றாள். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அந்த ஒரு டம்ளர் சூட்டுக்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மிச்சமிருந்த விதையோடு அந்தப் பாலையும் தூரமாய்க் குழி தோண்டிப் புதைத்தேன். மிக்சி ஜாரையும் சேர்த்துப் புதைத்ததற்கு மனைவி இன்றுவரை என்னைத் திட்டுகிறாள். மறுநாள் அந்த அக்காவே மாட்டு மூட்டையிலிருந்து பருத்திக்கொட்டையை அள்ளி, பொறுக்கி, ஊறவைத்துப் பால் எடுத்துக் கொடுத்தார். "உங்க மாட்டுக்குப் பங்காளி ஆயிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே குடித்தாள் என் மனைவி.

பிறகு ஒருநாள் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று சொன்னேனே தவிர, அன்று யார் கையிலும் நான் ஒரு துண்டு சோப்புக் கொடுக்கவில்லை. வரப்பில் நின்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

இப்போது விதைப்பு என்றால் விதைக்கு முன்னால் சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வயலுக்குப் போகும். நான் அலட்சியமாய்ச் சொன்னதை அந்த அக்கா அக்கறையாய் மனசில் வைத்திருந்ததால்தான், இன்று என் மகள் அந்த வாளித் தண்ணீரில் கைவிட்டு விளையாட, அவள் அம்மா அவளை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.